ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு விழும் வைஃபை

மூன்று வாரமாக, கிட்டத்தட்ட தினமும், ராத்திரி ஒன்பதே முக்கால் வாக்கில் என் லேப்டாப்பில் நெட் நின்றுபோய்க்கொண்டிருந்தது. வைஃபை குறி போகாது. திரையின் கீழ் மூலையில் எல்லாக் கோடுகளும் நிறைந்து அப்படியே நிற்கும். ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. அது அக்காவோடு வீடியோவில் பேசும் நேரம். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்த நிலையிலேயே முகம் உறைந்துவிடும். குரல் துண்டு துண்டாக வந்து அதுவும் அடங்கிவிடும். அரை மணி, முக்கால் மணி கழித்து யாரும் தொடாமலே எல்லாம் சரியாகிவிடும்.

முதல் இரண்டு வாரம் கைக்கு அகப்பட்டதையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். நெட்வொர்க் ரீசெட் கொடுத்தேன். சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் அத்தனையும் போயின. இணையம் தரும் நிறுவனத்துக்குப் புகார் கொடுத்து ஆள் வந்து லைனைச் சோதித்துவிட்டுப் போனார். ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்ச நேரத்தில் நெட் வந்துவிடும். அன்றைக்குச் செய்த வைத்தியம்தான் பலித்தது என்று நம்பித் தூங்கப்போவேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. தானாகச் சரியாகிற கோளாறில் இதுதான் பெரிய சிக்கல். எதைச் செய்தாலும் அதுவே மருந்தாகத் தெரியும்.

மூன்றாவது வாரம் கையை வைப்பதை நிறுத்திவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தேன். அதில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு. என் கோளாறு என்னவாக இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உங்களுடையது வேறாக இருக்கும். தேடும் வழி ஒன்றேதான்.

"வைஃபை வரலை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பது ஆறேழு கை மாறும் வேலை. லேப்டாப்பின் ரேடியோ உயிரோடு இருக்க வேண்டும். அது ரவுட்டரின் அலையைக் கேட்க வேண்டும். பாஸ்வேர்டு ஒத்துப்போக வேண்டும். ரவுட்டர் ஒரு முகவரி கொடுக்க வேண்டும். ரவுட்டரிலிருந்து வெளியே பாதை இருக்க வேண்டும். வலைத்தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தர ஒருவர் வேண்டும். கடைசியில் அந்தத் தளத்தை நம் பிரவுசர் நம்ப வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: பக்கம் திறக்கவில்லை. எந்தக் கண்ணி என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. இரண்டு வாரத்தை வீணாக்கியபின் எனக்கு உறைத்தது இதுதான்.

அதனால் முதல் கேள்வி எப்போதும் இது: அதே இடத்தில், அதே வைஃபையில், வேறொரு கருவியில் நெட் வருகிறதா? போனில் பார்க்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். வைஃபை சரியில்லை என்று தெரிந்தால் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும்; வைஃபை நன்றாக இருப்பதாக நாம் ஏமாந்துபோவோம். போனிலும் வரவில்லை என்றால் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். ரவுட்டரையோ வெளி லைனையோ பார்க்க வேண்டும். போனில் வந்து லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் தேட வேண்டிய இடம் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. என் விஷயத்தில் போனில் வந்தது. இந்தக் கேள்வியை முதல் நாளே ஒழுங்காகக் கேட்டிருந்தால் நிறுவனத்து ஆளை வரவழைத்திருக்க மாட்டேன்.

லேப்டாப்பில் எந்த வைஃபை பெயருமே தெரியவில்லை என்றால் அது வேறு ரகம். ஏரோப்ளேன் மோட் தவறுதலாக அமுங்கியிருக்கலாம். சில லேப்டாப்பில் அதற்கு ஒரு விசையோ பக்கவாட்டில் ஒரு சுவிட்சோ உண்டு. அதுவும் இல்லை என்றால், கணினியில் உள்ள கருவிகளை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர் வரிசையில் வைஃபை கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே ஒரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருக்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணைவதில்லை. விண்டோஸின் உள்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படுகின்றன. குழம்பிப்போன வைஃபை டிரைவர் குழம்பியபடியே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். "அணைச்சுப் போட்டுப் பாத்துட்டேன்" என்று சொல்கிறவர்களிடம் ரீஸ்டார்ட் கொடுத்தீர்களா என்று நான் மறுபடி கேட்பது இதனால்தான்.

சார்ஜரைக் கழற்றினால் மட்டும் அறுந்துபோகிறதா? அப்படியானால் மின்சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பண்புகளுக்குள் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு தாவல் இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினி இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற குறியை அங்கே எடுத்துவிடுங்கள்.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு கொடுத்தும் சேர மறுக்கிறது என்றால், அந்த நெட்வொர்க்கை ஒருமுறை மறக்கச் சொல்லிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். லேப்டாப்பும் ரவுட்டரும் பாஸ்வேர்டை ஒருவருக்கொருவர் நேராகச் சொல்லிக்கொள்வதில்லை. இரண்டு பேரும் தங்களிடம் இருப்பதை வைத்து ஒரு கணக்குப் போட்டு, நான்கு செய்திகளில் விடையைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கும் லேப்டாப் அந்தப் பழசை வைத்தே கணக்குப் போட்டுத் தோற்றுக்கொண்டிருக்கும். ரவுட்டரைப் புதிதாக மாற்றிய பிறகு பழைய லேப்டாப் மட்டும் சேரவில்லை என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018 இல் வந்த டபிள்யூபிஏ3 முறை பழைய கார்டுகள் பலவற்றுக்குத் தெரியாது. ரவுட்டரில் டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறையைப் போட்டால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

அடுத்த கண்ணி முகவரி. சேர்ந்த கையோடு லேப்டாப், எல்லோருக்கும் கேட்கும்படி, எனக்கு ஒரு முகவரி வேண்டும் என்று கூவும். ரவுட்டர் இதை எடுத்துக்கொள் என்று ஒன்றை நீட்டும். அதையே எடுத்துக்கொள்கிறேன் என்று லேப்டாப் சொல்லும். சரி, உனக்குத்தான் என்று ரவுட்டர் முடிக்கும். நான்கே வாக்கியம். கூவியும் பதில் வரவில்லை என்றால் விண்டோஸ் கணினி தனக்குத்தானே ஒரு முகவரி போட்டுக்கொள்ளும். அது 169.254 என்று தொடங்கும். நெட்வொர்க் விவரத்தில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸையும் பிரவுசரையும் மறந்துவிடலாம். அலை சேர்ந்திருக்கிறது, முகவரி வரவில்லை என்று அர்த்தம். ரவுட்டர் திணறிக்கொண்டிருக்கலாம், கொடுக்க வைத்திருந்த முகவரிகள் தீர்ந்துபோயிருக்கலாம், சிக்னல் மோசமாகிக் கூவிய குரலே போய்ச் சேராமல் இருக்கலாம். இந்த ஒரு நிலையில்தான் ரவுட்டரை அணைத்துப் போடுவதைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன்.

முகவரி ஒழுங்காக வந்திருக்கிறது, பெரும்பாலும் 192.168 என்றோ 10 என்றோ தொடங்குகிறது, ஆனாலும் நெட் இல்லை என்றால் பிங் பண்ணிப் பார்க்கும் நேரம். கட்டளைச் சாளரத்தில் பிங் என்று தட்டி ஓர் எண்ணைக் கொடுத்தால், அந்த முகவரிக்கு ஒரு சின்னப் பொட்டலம் போய், பதில் திரும்பிவர எத்தனை மில்லிவினாடி ஆனது என்று காட்டும். இந்தக் கருவியே ஒரு கோளாறைத் தேடும்போது பிறந்தது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை செய்த மைக் மூஸ், தன் நெட்வொர்க் விசித்திரமாக நடந்துகொள்வதைப் பார்த்து, எங்கே அறுகிறது என்று கண்டுபிடிக்க ஒரே மூச்சில் எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியைத்தான் பெயராக வைத்தார். ஓசை அனுப்பி எதிரொலியைக் கேட்பது. நாற்பது வருஷம் கடந்தும் எனக்கு இதைவிட நேர்மையான கருவி அகப்பட்டதில்லை.

பிங் பண்ணுவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ரவுட்டரின் முகவரி. அங்கிருந்து பதில் வரவில்லை என்றால் கோளாறு லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில், காற்றில் இருக்கிறது. வந்தால் அடுத்து 1.1.1.1 அல்லது 8.8.8.8 போல வெளியே இருக்கும் ஓர் எண். அதற்குப் பதில் இல்லை என்றால் வீட்டுக்குள் எல்லாம் சரி, வெளி லைனில் சிக்கல். அதுவும் வந்தால் ஒரு வலைத்தளத்தின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் அது டிஎன்எஸ். பெயரை எண்ணாக மாற்றித் தரும் அந்தச் சேவை படுத்திருக்கிறது. வேறொன்றை மாற்றி வைத்தால் போதும். மூன்று பிங், ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் இரண்டு வாரம் தடவிக்கொண்டிருந்த இருட்டில் இந்த மூன்றும் மூன்று விளக்குகள்.

எல்லா பிங்கும் வந்தும் பக்கம் திறக்காத ஒரு நிலை உண்டு. அது அக்காவுக்கு வந்தது. ஒருநாள் சாயங்காலம் போனில் கூப்பிட்டாள்.

"டேய், வைஃபை கனெக்ட் ஆயிருக்குடா. ஆனா எந்தப் பக்கம் போனாலும் பாதுகாப்பு இல்லைன்னு என்னமோ சிவப்பா வருது. வைரஸ் ஏதும் வந்துடுச்சா?"

"எல்லாப் பக்கமுமா அக்கா?"

"எல்லாமேதான். பேங்க், மெயில், எதுவும் விடல."

"சரி, கீழே வலது பக்கம் மணி, தேதி காட்டும் பாரு. என்ன போட்டிருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மணி சரியா இல்லையேடா. வருஷமே 2017ன்னு போட்டிருக்கு."

அதுதான். அந்த லேப்டாப் பல மாதம் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்தது. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் மின்சாரம் தீர்ந்ததும் தேதி பின்னால் போய்விட்டது. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் தன் சான்றிதழைக் காட்டும். அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். 2017 இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் லேப்டாப்புக்கு இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை. அதனால் ஒன்றையும் நம்ப மறுத்தது. தேதியைச் சரிசெய்தவுடன் எல்லாப் பக்கமும் திறந்தன. நல்லவேளை, அக்கா எதையும் அழிக்கவில்லை. பயத்தில் லேப்டாப்பையே ஃபார்மட் செய்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தால் முதலில் அதன் வாசகத்தை முழுதாகப் படியுங்கள். கடிகாரம்தான் தவறு என்றால் பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.

இனி காற்று. எனக்குப் பிடித்த பகுதியும், நான் மாட்டிக்கொண்ட பகுதியும் இதுதான்.

நாம் பார்க்கும் கோடுகள் சொல்வது மிகக் கொஞ்சம். உண்மையான அளவை டிபிஎம் என்ற எண்ணில் பார்க்க வேண்டும். அது மைனஸில் இருக்கும். பூஜ்யத்துக்கு அருகே வர வர சிக்னல் பலம். மைனஸ் 50க்கு மேலே இருந்தால் ரவுட்டர் பக்கத்திலேயே இருப்பது போல. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு நிம்மதியாக ஓடும். மைனஸ் 80ஐத் தாண்டிவிட்டால் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பத்து எண் இறங்கினால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். அதனால் 60க்கும் 70க்கும் உள்ள வித்தியாசம் சின்னது இல்லை.

இந்த எண்ணைப் பார்க்கப் பழகியதால்தான் நண்பர் ஒருவரின் லேப்டாப்பைக் காப்பாற்ற முடிந்தது. திரையை மாற்றி வாங்கிவந்ததிலிருந்து வைஃபை மந்தம், ரவுட்டர் இருக்கும் அறையை விட்டு நகர்ந்தால் போய்விடுகிறது என்றார். ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டரில் வைத்துப் பார்த்தேன், மைனஸ் 78. அந்தத் தூரத்தில் அப்படி வரவே கூடாது. லேப்டாப்பின் வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் மூடிப் பக்கம், திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கும். அங்கிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி, அடிப்பகுதியில் இருக்கும் வைஃபை கார்டுக்கு வரும். லேப்டாப்பை அணைத்து, அடிமூடியைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தோம். கார்டு 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். ஒரு தபால்தலை அளவு. அதன் ஓரத்தில் குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிய இரண்டு உலோகக் குமிழ்கள். இரண்டிலும் கம்பி மாட்டியிருக்க வேண்டும். ஒரு கம்பி கழன்று பக்கத்தில் சும்மா கிடந்தது. இன்னொன்று குமிழின் மேல் சாய்வாக உட்கார்ந்திருந்தது, அழுத்தப்படாமல். கம்பியின் வட்ட முனையை நேராகக் குமிழின்மேல் வைத்து நகத்தால் செங்குத்தாக அழுத்தினால் மெல்ல ஒரு டிக் கேட்கும். சாய்த்து அழுத்தினால் குமிழ் நசுங்கிவிடும், அப்புறம் கார்டையே மாற்ற வேண்டியதுதான். இரண்டு டிக். மூடி, ஆன் செய்து, அதே இடத்தில் பார்த்தால் மைனஸ் 41. அவர் டிரைவரை நான்கு முறை மாற்றிப் பார்த்திருந்தார்.

என் லேப்டாப்பிலோ எண் நன்றாகவே இருந்தது. நெட் நின்றுபோன நேரத்திலும் மைனஸ் 58. இதுதான் என்னை வெகுவாகக் குழப்பியது. பிறகுதான் புரிந்தது. கோடுகளும் டிபிஎம்மும் ரவுட்டரின் குரல் எத்தனை பலமாக வருகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. சுற்றிலும் எவ்வளவு இரைச்சல் என்று சொல்வதில்லை. பக்கத்தில் ஒரு பெரிய மோட்டார் ஓடும்போது எதிரே நிற்பவர் எவ்வளவு பலமாகப் பேசினாலும் வார்த்தை பிடிபடாது. அவர் குரல் குறையவில்லை; மோட்டார்தான் கூடிவிட்டது.

அந்த இரைச்சலுக்குப் பேர்போன இடம், வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸ். அதற்குள் சேனல் எனப்படும் 13 பிரிவுகள் இருப்பதாகப் பெயர், ஆனால் அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு வைஃபைக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஒன்றோடொன்று மோதாமல் வைக்க வேண்டும் என்றால் 1, 6, 11 என்று மூன்றுதான் தேறும். அதனால் ரவுட்டரில் 3, 4 என்று காலியாகத் தெரியும் சேனலுக்குப் போகாதீர்கள். இரண்டு பக்கத்துக் கூச்சலும் வந்து சேரும். ப்ளூடூத் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது.

மைக்ரோவேவ் என்றதும் எனக்கு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி நினைவுக்கு வரும். 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி அது. 1998 முதல் அவ்வப்போது விநோதமான சில துடிப்புகள் அதில் பதிவாகிக்கொண்டிருந்தன. விண்வெளியிலிருந்து வருவது போலவே தோற்றம், ஆனால் அருகிலேயே எதிலிருந்தோ கிளம்புகின்றன என்ற சந்தேகம். 2015 இல்தான் விடை கிடைத்தது. அந்தத் துடிப்புகள் ஆட்கள் வேலைக்கு வரும் நேரத்தில்தான் வருகின்றன என்று கவனித்தார்கள். அதே நொடியில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு சலனம் இருப்பதைக் குறுக்கீட்டை அளக்கும் கருவி காட்டியது. தேடிக்கொண்டே போனால், அங்கே இருந்த மைக்ரோவேவ் அடுப்பு. சும்மா ஓடினால் ஒன்றும் வராது. ஓடி முடிவதற்குள் யாராவது கதவைத் திறந்தால் மட்டும் அந்தத் துடிப்பு. இத்தனை வருஷப் புதிரை அவிழ்க்க உதவியது எந்த நேரத்தில் நடக்கிறது என்ற கேள்வி. இந்தச் செய்தி எனக்குப் பழக்கம்தான். இருந்தும் அதே கேள்வியை என் லேப்டாப்பிடம் கேட்க மூன்றாவது வாரம் வரை ஆனது.

ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். நெட் நின்ற நேரம், வந்த நேரம், அப்போது லேப்டாப்பில் என்னென்ன திறந்திருந்தது, என்ன மாட்டியிருந்தது, போனில் நெட் இருந்ததா. விண்டோஸே வைஃபை சேர்ந்த, அறுந்த வரலாற்றைக் கடைசி மூன்று நாளுக்கு டபிள்யூலான் ரிப்போர்ட் என்று எடுத்துத் தரும். அதில் என் கோளாறு பதிவாகவே இல்லை. விண்டோஸைப் பொறுத்தவரை இணைப்பு அறுந்ததே இல்லை. அதுவும் ஒரு தகவல்தான் என்று நோட்டில் எழுதினேன்.

திங்கள் 9.47. செவ்வாய் 9.41. புதன் 9.50. வியாழன் வரவில்லை. வெள்ளி 9.44. ஞாயிறு வரவில்லை. வியாழக்கிழமை என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். அன்றைக்குத் தலைவலி என்று சீக்கிரமே வேலையை மூடிவிட்டேன். ஞாயிறு வேலையே இல்லை. ஆனால் இரண்டு நாளும் அக்காவோடு பேசினேன், ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் வீடியோ அழைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேலையை முடிக்கிற அன்றைக்கு மட்டும் அழைப்புக்கு முன்னால் நான் செய்வது என்ன?

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கை மாட்டி, அன்றைய வேலையை பேக்கப் போடுவது.

எழுந்து நின்றுவிட்டேன். டிஸ்கை எடுத்து, மாட்டாமல் பக்கத்தில் வைத்துவிட்டு, ரவுட்டருக்குத் தொடர்ந்து பிங் போகவிட்டேன். 3 மில்லிவினாடி, 2, 3, 3, 4. வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. டிஸ்கை லேப்டாப்பின் இடது பக்கம் மாட்டி பேக்கப்பைத் தொடங்கினேன். 3, 3, 41, 260, 418, பிறகு பதில் இல்லை, பதில் இல்லை, 390, பதில் இல்லை. பிடுங்கினேன். 5, 3, 3. மறுபடி மாட்டினேன், மறுபடி பிடுங்கினேன். மூன்று முறையும் அதே. ரவுட்டர் வரைக்குமே போய்ச் சேரவில்லை. வெளி லைன், டிஎன்எஸ், டிரைவர் எதற்கும் இதில் பங்கே இல்லை. மூன்று வாரத்துக் குழப்பம் பத்து நிமிடத்தில் என் கண் முன்னால் எண்களாக ஓடியது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

காரணம் இது. என் டிஸ்கை மாட்டும் யூஎஸ்பி 3.0 வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஓடும் மின்துடிப்புகளின் கசிவு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி முழுக்கப் பரவிக் கிடக்கும். இன்டெல் 2012 இலேயே இதை அளந்து ஓர் ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. வயர்லெஸ் மவுஸ் தடுமாறுவதற்கும் இதே காரணம் உண்டு. டிஸ்க், அதன் கேபிள், லேப்டாப்பில் அது மாட்டும் துளை மூன்றிலிருந்தும் கசியலாம். என் டிஸ்க் குட்டையான கேபிளில், லேப்டாப்பை ஒட்டியே, ஆன்டெனா இருக்கும் மூடிக்குக் கீழே கிடந்தது. கேபிளும் டிஸ்கோடு வந்தது இல்லை. அது தொலைந்துபோய் எங்கிருந்தோ எடுத்துப் போட்டது. உள்ளே உலோக உறை ஒழுங்காக இல்லாத கேபிளில் கசிவு இன்னும் அதிகம். பேக்கப் முடியும்வரை இரைச்சல், முடிந்ததும் அமைதி. தானாகச் சரியானது இதனால்தான்.

அப்படியானால் லேப்டாப் ஏன் வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் இல்லாமல் 2.4இல் உட்கார்ந்திருந்தது? என் ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் விடுகிறது. எதில் சேர்வது என்று முடிவு செய்வது லேப்டாப். என் அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இரண்டு சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரில் அதிகம் தேய்ந்துபோகும், அதனால் 2.4 பலமாகத் தெரிய, லேப்டாப் அதையே பிடித்துக்கொண்டது. போன் 5இல் இருந்ததால் டிஸ்கின் இரைச்சல் அதைத் தொடவே இல்லை. டிரைவரின் கூடுதல் அமைப்புகளில் விருப்பமான அலைவரிசை என்று ஓர் இடம் உண்டு. அதில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தேன். சிக்னல் மைனஸ் 66க்கு இறங்கியது, கோடு ஒன்று குறைந்தது, நெட்டோ முன்னைவிட நன்றாக ஓடியது. நல்ல உறையுள்ள ஒரு மீட்டர் கேபிளை வாங்கி டிஸ்கை மேஜையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தேன். அன்று இரவு பேக்கப் ஓட ஓட அக்காவோடு ஒன்றரை மணி நேரம் பேசினேன்.

நோட்டை மூடி வைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் நெட் சட்டென்று நின்றது. இந்த முறை வைஃபை இணைப்பே அறுந்துபோய், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாகித் திரும்பி வந்தது. இரண்டு நாளில் மறுபடியும். பழைய கேள்வியையே கேட்டேன்: போனில் வருகிறதா? இல்லை. போனும் அதே நொடியில் அறுந்திருந்தது. அப்படியென்றால் லேப்டாப்பைத் தொடாதே. நேராக ரவுட்டரின் பதிவேட்டைத் திறந்தேன். அந்த நேரத்துக்கு நேராக, ரேடார் கண்டறியப்பட்டது, சேனல் மாற்றப்பட்டது என்று ஒரு வரி.

5 கிகாஹெர்ட்ஸில் 52க்கு மேலுள்ள பல சேனல்களை வானிலை ரேடார் போன்றவற்றோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரேடாரின் துடிப்பு கேட்டால் ரவுட்டர் 10 வினாடிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், 30 நிமிடத்துக்கு அந்தச் சேனலுக்குத் திரும்பக் கூடாது. அதே வகையில் இன்னொரு சேனலுக்குப் போனால், பேச ஆரம்பிக்கும் முன் குறைந்தது 60 வினாடி வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். அந்த ஒரு நிமிட மௌனம்தான் எனக்கு வந்தது. ரவுட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் முறையிலிருந்து மாற்றி, பெரும்பாலான நாடுகளில் ரேடாருக்கு வழிவிட வேண்டியிராத 36இல் நிறுத்தினேன். நோட்டில் தேதி போட்டு "36" என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னும் ஒன்றும் எழுத வேண்டி வரவில்லை.